அண்ணன்மார் இல்லாத வீட்டின் கதை

கணவனை இழந்தவளை விதவை என்கிறோம். பெற்றோரை இழந்த பிள்ளையை அநாதை என்கிறோம். உடன்பிறந்தவனை இழந்த பெண்ணைக் குறிக்க எமது மொழியில் தனிச்சொல் இல்லை. நிவாரண வேலைகளில் நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களிலும் அவளுக்கென்று ஒரு கட்டம் இருந்ததில்லை. ஆனால் யுத்தம் கண்ட எமது நாட்டில் அப்படிப்பட்ட பெண் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

அந்தப் பெண்ணை நடுவில் இருத்தி எழுதப்பட்ட ஆங்கில நாவல்தான் 'பிரதர்லெஸ் நைட்'. சகோதரர் அற்ற இரவு என்று சொல்லலாம். எழுதியவர் வி. வி. கணேசானந்தன். இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு 1980இல் அமெரிக்காவில் பிறந்தவர்; மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பிப்பவர். 2023இல் வெளிவந்த இந்நாவலுக்கு, பெண் எழுத்தாளர்களுக்காக பிரித்தானியாவில் வழங்கப்படும் 30,000 பவுண் பரிசு 2024இல் கிடைத்தது. இந்த ஒரு நூலுக்காக அவர் ஏறக்குறைய இருபது வருடங்கள் உழைத்திருக்கிறார்.

குண்டசாலையில் எமது தையல் குழுவுக்கு இந்தக் கதையை நான் மூன்று சனிக்கிழமைகளில் தமிழில் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கதை 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. பதினாறு வயது சசி டொக்டராக வேண்டும் என்று படிப்பவள். தேத்தண்ணீருக்கு வைத்த கொதிநீர் மேலே கொட்டி அவள் அலறும்போது, சைக்கிளில் போன அயல்வீட்டுப் பையன் ஓடிவந்து முட்டைகளை உடைத்து எரிகாயத்தில் ஊற்றுகிறான். (இவ்விடத்தில் நான் கதையை நிறுத்தி, எரிகாயத்துக்கு முட்டை பூசக்கூடாது, குளிர்ந்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.) சசிக்கு நான்கு சகோதரர்கள். மூத்தவன் நிரஞ்சன் 1983 ஜூலையில் கொழும்பில் கொல்லப்படுகிறான். அடுத்த இருவரும் இயக்கத்துக்குப் போகிறார்கள். முட்டை ஊற்றிய பையனும் போகிறான். கடைசித் தம்பி மட்டும் வீட்டில் மிஞ்சுகிறான்.

சசியின் உடற்கூற்றியல் ஆசிரியையாக வரும் அஞ்சலி என்ற பாத்திரத்தில் கலாநிதி ராஜினி திராணகமவின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான அவர், 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராதனையில் சமூகவியல் படித்த நாட்களில் அந்நூலைப் புள்ளிகளுக்காக வாசித்தேன். நாவலில் அதே காலத்தை ஒரு தங்கையின் கண்ணால் பார்க்கும்போது மனம் கனத்தது. ஆயுதம் ஏந்திய எந்தத் தரப்பையும் கணேசானந்தன் தப்பவிடவில்லை. அண்ணன்மார் இருந்த இயக்கத்தையும்தான். இந்நூலை நான் மதிப்பதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாம் சனிக்கிழமை, வன்னியிலிருந்து திருமணமாகி இங்கு வந்த ஒரு சகோதரி, தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையைப் பார்த்தபடியே சொன்னார்: "மிஸ், எனக்கு ரெண்டு அண்ணா. ஒருத்தர் ஷெல் பட்டுச் செத்தவர், அவரைப் பற்றிக் கதைக்கலாம். மற்றவரின்ர பேரை அம்மாவே வாய்திறந்து சொல்ல மாட்டா. பிள்ளைகள் கேட்டால் எனக்கு ஒரு அண்ணாதான் எண்டு சொல்லுறன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் திகனயைச் சேர்ந்த முஸ்லிம் பெண். 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நேரில் கண்டவர். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நூல் அறுந்திருந்த ஊசியை வாங்கி, கோத்துக் கொடுத்தார்.

கணேசானந்தனின் முதல் நாவல் 'லவ் மேரேஜ்' 2008இல் வந்தது. அதில் வரும் யாழினி அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். இயக்கத்தில் இருந்த மாமா குமரன், புற்றுநோயோடு இறுதி நாட்களைக் கழிக்க ரொறன்ரோவுக்கு வருகிறார். கூடவே அவருடைய மகள் ஜனனி. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒருத்தி சமாதானத்தில் வளர்ந்தவள், மற்றவள் யுத்தத்தில். தன் குடும்பத்தில் யார் யாரைப் பேசிக் கட்டினார்கள், யார் விரும்பிக் கட்டினார்கள், எந்தக் கலியாணத்தை மறைத்தார்கள் என்று தேடிப்போகும் யாழினி, அதன் வழியாகவே நாட்டின் கதையையும் கண்டடைகிறாள். கலியாணப் பேச்சில் எல்லாம் வெளிவரும் என்பது எமக்குப் புதிதல்ல. சாதி, சீதனம், காணி உறுதி, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம் தரகரின் வாயில்தான் முதலில் வரும். இந்நாவல் துண்டு துண்டாகப் போவதால் வாசிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். சொல்லிக் காட்டுவதற்கு 'பிரதர்லெஸ் நைட்'தான் இலகு.

தோட்டத்தில் பிறந்த ஒரு அக்கா கேட்டார்: "எங்க ஆளுங்க கதைய யாரு மிஸ் எழுதுனாங்க?" நியாயமான கேள்வி. 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள், பின்னர் அங்கேயும் யுத்தத்தில் அகப்பட்டன. கணேசானந்தன் எழுதியது பெரும்பாலும் யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்தின் கதை. அந்த அக்காவுக்கு, மாத்தளையிலிருந்து அவுஸ்திரேலியா சென்றும் மலையக மக்களைப் பற்றியும் தமிழில் எழுதிவரும் மாத்தளை சோமுவின் பெயரைச் சொன்னேன். 1970 முதல் லண்டனில் வாழும் ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தின் 'தில்லையாற்றங்கரை'யையும் சொன்னேன். அது கிழக்கிலங்கைக் கிராமத்தில் வளரும் பெண்பிள்ளைகளைப் பற்றியது. எழுத்துக் கூட்டி வாசிப்பவரும் வாசிக்கலாம்.

மூன்றாம் சனிக்கிழமை கதை முடிந்தபோது முதலில் வந்த கேள்வி அரசியல் பற்றியதல்ல.

"அந்தப் பிள்ளை கடைசியில டொக்டரா வந்தவளோ?"

வந்தாள், நியூயோர்க்கில் வேலை செய்கிறாள் என்றேன். வன்னிச் சகோதரி தலையாட்டினார். பிறகு, தன் மகளின் பழைய கொப்பியில் ஒரு தாள் கிழித்து வந்திருப்பதாகச் சொல்லி, என்னிடம் பேனை கேட்டார். இரண்டு பெயர்களை எழுதினார். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மெஷினில் போய் உட்கார்ந்தார்.