உங்களுக்குத் தெரியுமா? – நீலத் திரை, இரண்டு ஜன்னல்

● ஒரகடம் சாலையில் போனால் கண்ணில் படுவதெல்லாம் பெரிய ஆலைகள்தான். அவற்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் நிலைமை வேறு. ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கினால் இருபது வருஷத்துக்குக் குறையாமல் ஓட்டப் பார்ப்பார்கள். மெஷின் ஓடும், அதோடு வந்த கம்ப்யூட்டர்தான் திணறும். 1990-களின் டாஸ், விண்டோஸ் 98 எல்லாம் இன்னும் உயிரோடு இருப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். அங்கே ஃபைல்களைக் கையாள, மவுஸ் தேவைப்படாத எழுத்துத்திரை ஃபைல் மேனேஜரை விடப் பொருத்தமானது எதுவும் இல்லை. கூலன்ட் படிந்த கையோடு மவுஸ் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

● இந்த வகைக்கு மூத்தது நார்ட்டன் கமாண்டர். ஜான் சோச்சா 1984-ல் எழுதத் தொடங்கினார், 1986-ல் விற்பனைக்கு வந்தது. நீலத் திரை, இடமும் வலமும் இரண்டு ஜன்னல், அடியில் பத்து ஃபங்ஷன் கீகளின் பட்டியல், அவ்வளவுதான். உலகின் முதல் ஸ்கிரீன் சேவரை எழுதியவரும் இவரே.

● எஃப்3 பார்க்க, எஃப்4 திருத்த, எஃப்5 காப்பி, எஃப்6 நகர்த்த, எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 அழிக்க, எஃப்10 வெளியேற. நார்ட்டன் வகுத்த இந்த வரிசையைப் பின்னால் வந்த பலரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை கை பழகினால் டாஸ், விண்டோஸ், லினக்ஸ் எதில் உட்கார்ந்தாலும் வேலை ஓடும். இத்தனை வருஷம் மாறாமல் நிற்கும் சாஃப்ட்வேர் பழக்கம் வேறு எத்தனை இருக்கிறது?

● ‘ஒரகடம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 8 எழுத்து. டாஸ் ஒரு ஃபைல் பெயருக்குக் கொடுக்கும் இடமும் 8 எழுத்துதான் (புள்ளிக்குப் பின்னால் இன்னும் 3). ஸ்ரீபெரும்புதூருக்கோ 13 எழுத்து வேண்டும். விண்டோஸில் அந்தப் பெயரை வைத்து, டாஸில் திறந்து பாருங்கள்: முதல் ஆறு எழுத்து, ஒரு வளைகோடு, 1 என்ற எண், இவ்வளவுதான் மிஞ்சும். பழைய மெஷினுக்குப் போகும் புரோகிராமுக்கு முதலிலேயே 8 எழுத்துக்குள் பெயர் வைத்துவிடுங்கள்.

● லினக்ஸில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொத்த இடம் 255 பைட். யுனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். புள்ளியும் துணைக்காலும் தனிக் குறியாகவே எண்ணப்படும். ஆக 85 குறிகள். ‘ஒரகடம்’ 18 பைட்.

● சுத்தமான டாஸ் கம்ப்யூட்டருக்கு எது? என் ஓட்டு உக்ரைன்காரர் ஒருவர் எழுதிய வோல்கோவ் கமாண்டருக்கு. முழுக்க அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது, 100 கே.பி.கூட வராது. ஒரு ஃப்ளாப்பியில் அதைப் போட்ட பிறகும் இடம் தாராளமாக மிச்சமிருக்கும்.

● பழைய நார்ட்டனைப் புது லேப்டாப்பில் ஓட்டலாமா? நேரடியாக முடியாது. 64-பிட் விண்டோஸ் 16-பிட் டாஸ் புரோகிராம்களை ஏற்காது. டாஸ்பாக்ஸ் மாதிரி ஒன்று நடுவில் வேண்டும். அதைவிட ஃபார் மேனேஜரே மேல். ரார் என்ற சுருக்குமுறையை உருவாக்கிய யூஜின் ரோஷல் 1996-ல் கொண்டுவந்தது. 2007 முதல் ஓப்பன் சோர்ஸ், காசு வேண்டாம்.

● 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் தயாரித்த பதிப்பு அது. டிப்ளமோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் பலர் வீட்டுப் பரணில் அந்த லேப்டாப் கிடக்கும். தூக்கிப் போடாதீர்கள். லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றி மிட்நைட் கமாண்டரைப் போடுங்கள். அதற்குச் சில எம்.பி. ராமே போதும். 1994-ல் இதை எழுதியவர் மெக்சிகோவின் மிகுவேல் டி இகாசா. க்னோம் திட்டத்தைப் பின்னால் தொடங்கியவரும் அவரே.

● மிட்நைட் கமாண்டரில் பட்டறைக்கென்றே செய்தது போல ஒரு வசதி உண்டு. இடது ஜன்னலில் மெஷினிலிருந்து எடுத்த பென் டிரைவ், வலதில் ஆபீஸ் பேக்கப். கண்ட்ரோலோடு எக்ஸ், அடுத்து டி அழுத்துங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசப்படும் ஃபைல்களை மட்டும் அடையாளமிட்டுக் காட்டும். ஷிஃப்டில் யாரோ ஆஃப்செட்டை மாற்றிச் சேமித்த புரோகிராம் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம். ‘முழுமையாக’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் பைட் பைட்டாகச் சரிபார்க்கும். கொஞ்சம் நேரமாகும், ஆனால் அளவும் தேதியும் ஒன்றாக இருந்து உள்ளே எண் மாறியிருந்தாலும் தப்பாது. எஃப்10 அழுத்தினால் சில லினக்ஸ் டெர்மினல்களில் மெனு திறந்து தொல்லை தரும். அப்போது எஸ்கேப் தட்டி 0 அழுத்தினால் போதும்.

● டாஸில் ஃபேட்16 முறையில் ஒரு பகுதி 2 ஜி.பி.யைத் தாண்டாது. 32 ஜி.பி. மெமரி கார்டை வாங்கிக்கொண்டு போய், மெஷின் படிக்கவில்லை என்று ஃபைல் மேனேஜரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய சின்ன கார்டு இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

● மிட்நைட் கமாண்டரில் எஃப்8 அழுத்தினால் ஃபைல் போய்விடும். விண்டோஸ் மாதிரி ரீசைக்கிள் பின் கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் வாரம் மெஷின் ஃபோல்டரில் கை வைக்காமல், அதன் காப்பியில் மட்டும் பழகுங்கள்.