நினைவு நாணயங்களின் செலாவணி

பண்டங்களை மாற்றிக்கொள்ளுதற்குக் கருவியாய், அரசினர் முத்திரை பொறித்து வழங்கும் உலோகத் துண்டே நாணயம் எனப்படும். நம் மொழியில் அச்சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. காசினைப் பெறுவோன் அதன் உலோகத்தை நம்பிப் பெறுவதில்லை; தான் பெற்றதை நாளை வேறொருவனும் தன்னிடமிருந்து பெறுவான் என்னும் நம்பிக்கையாலேயே பெறுகின்றான். அந்நம்பிக்கை குறையுமாயின் புதிய காசும் செல்லாக் காசாய்விடும். இவ்வுண்மையை நன்கு விளக்குவன நம் நாட்டு நினைவு நாணயங்களே.

பெரியோர் ஒருவரையோ, சிறந்த நிகழ்ச்சி ஒன்றையோ மக்கள் மறவாதிருத்தற் பொருட்டுத் தனி உருவம் பொறித்து வெளியிடப்பெறுவன நினைவு நாணயங்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வழக்கம் 1964-ஆம் ஆண்டில், ஜவஹர்லால் நேரு மறைந்தபின் அவருருவம் பொறித்த நாணயங்களோடு தொடங்கிற்று. 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டு நாணயங்கள் வந்தன. தமிழ்நாட்டைச் சார்ந்தனவும் பல உள. காமராசர் (2003), அண்ணாதுரை (2009), எம். எஸ். சுப்புலட்சுமி (2016), எம். ஜி. இராமச்சந்திரன் (2017) ஆகியோரின் நூற்றாண்டுகளை முன்னிட்டு நாணயங்கள் வெளியாயின. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு கண்டதன் நினைவாக 2010 என்னும் ஆண்டு பொறித்து 5 ரூபாய் நாணயமும் 1000 ரூபாய் நாணயமும் அமைக்கப்பெற்றன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மு. கருணாநிதியின் நினைவாக 100 ரூபாய் நாணயம் சென்னையில் வெளியிடப்பெற்றது.

இத்தனை நாணயங்கள் வெளிவந்தும், மேட்டூர்ச் சந்தையிலோ பஸ் நிலையத்திலோ இவற்றுட் பலவற்றைக் கண்டவர் அரியர். இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது காரணம் தொகையின் குறைவு. நினைவு நாணயங்கள் இருவகைப்படும். 100 ரூபாய், 1000 ரூபாய் போன்ற பெருமதிப்புடையன சேகரிப்போர்க்கென்றே அடிக்கப்படுவன. முன்னரே பணங்கட்டிப் பதிவு செய்துகொண்டார்க்கு அரசாங்க நாணயச் சாலைகள் இவற்றைப் பேழையிலிட்டு, முகத்திற் பொறித்த மதிப்பினும் மிகுந்த விலைக்கு விற்கின்றன. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய ஒன்றை, 100 ரூபாய்க்கு அரிசி வாங்க எவர் கொடுப்பர்? பெயரளவில் நாணயமாயினும் இவை செயலளவிற் பதக்கங்களே. செலவுக்கென வெளியிடப்பெறுவனவும் தொகை குறைந்தால் இக்கதியையே அடையும். இங்கிலாந்தில் கியூ தோட்டத்தின் நினைவாக 2009-இல் அடிக்கப்பட்ட 50 பென்ஸ் நாணயங்கள் 2,10,000 மட்டுமே. அச்செய்தி பரவியதும் அவை கடைகளினின்றும் மறைந்து சேகரிப்போர் பேழையுட் புகுந்தன.

இரண்டாவது காரணம் பரவுதலின் ஒழுங்கின்மை. 5 ரூபாய், 10 ரூபாய் நினைவு நாணயங்கள் பெரும்பாலும் செலாவணிக்கென்றே அடிக்கப்படுவன. இன்ன நாணயம் இத்துணை அடிக்கப்பட வேண்டுமென்று முடிவு செய்வது மத்திய அரசாங்கம். அதனை நாட்டிற் பரப்புவது ரிசர்வ் பாங்கு. நாணயச் சாலைகள் மும்பை, கல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்னும் நான்கிடங்களிலேயே உள்ளன. அங்கிருந்து மூட்டைகளாகப் புறப்படும் காசு, பாங்குகளின் பணக் களஞ்சியங்களை அடைந்து, பின்னர்க் கிளைகளின் வழியாக வணிகர் கைக்கு வருகின்றது. ஓர் உருவம் பொறித்த மூட்டைகள் ஓரூருக்கு மிகுதியாகச் செல்லலாம்; அடுத்த ஊருக்கு ஒன்றும் செல்லாதொழியலாம். நோட்டு நாள்தோறும் பாங்குக்கு மீண்டும் பிரிந்து செல்கின்றது. காசோ சென்ற இடத்திலேயே தங்கிச் சுழல்கின்றது. ஆதலின் ஒரு வட்டாரத்தார்க்கு நன்கு பழகிய உருவம் மற்றொரு வட்டாரத்தார்க்கு முற்றும் புதிதாய் இருத்தல் இயல்பே.

புதுமை ஐயத்தைப் பிறப்பிக்கும். இதற்குப் பழைய சான்றும் உண்டு. 1911-ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியிற் பொறித்த யானை, பன்றி போலத் தோன்றிற்று என்று மக்கள் வெறுத்தனர். அடித்த 94 லட்சத்துள் ஏறக்குறைய 7 லட்சமே வெளிவந்த நிலையில் வெளியீடு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு யானையின் உருவம் திருத்தப்பட்டது.

நம் காலத்துப் பத்து ரூபாய் நாணயத்தின் கதையும் இத்தகையதே. பாராளுமன்றத்தின் அறுபதாண்டு, அம்பேத்கரின் 125-ஆம் பிறந்த ஆண்டு, சர்வதேச யோக நாள் முதலியவற்றிற்கெல்லாம் தனித்தனி உருவங்கள் பொறிக்கப்பட்டன. 2010-இல் ஏற்கப்பெற்ற ரூபாய்க் குறி சிலவற்றில் உண்டு, முந்தியவற்றில் இல்லை. இவ்வேறுபாடுகளைக் கண்ட மக்கள், ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் வேண்டும் என்று கருதினர். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் பாங்கு, அதுகாறும் 14 உருவங்களில் இந்நாணயம் வெளிவந்துள்ளதென்றும், அனைத்தும் செல்லுமென்றும் அறிவித்தது. அறிவித்த பின்னரும், சென்னையிற் செல்லும் அக்காசு சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களிற் பலவிடத்தும் மறுக்கப்பட்டு வந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒருவர், இக்காசு செல்லுமென்று காட்டுதற்பொருட்டு, 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்துச் சேலத்தில் மோட்டார் வண்டி வாங்கினார். 60,000 காசுகளின் எடை 460 கிலோவுக்கு மேலாம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, ரூபாய் நாணயங்களை 1000 ரூபாய் வரையிலேயே பெற்றுக்கொள்ளும் கடப்பாடு உண்டு; எஞ்சியது விற்றோரின் இசைவினாலேயே நிறைவேறிற்று.

அத்துணைக் காசு திரட்ட வல்லவர்க்கு இஃதொரு வேடிக்கையாகலாம். ஏழைக்கோ இது வயிற்றுப்பாடு. மேட்டூர் அணையைக் காண வரும் வெளியூரார் மீன் விற்கும் மூதாட்டியிடம் இத்தகைய காசுகள் ஐந்தைக் கொடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மாலையில் மளிகைக் கடையார் அவற்றை மறுப்பாராயின், அவள் உழைத்துப் பெற்ற 50 ரூபாய் அன்றைக்கு இல்லாததாயிற்று. பெரியோரைப் போற்றுதற்குப் பொறித்த உருவமே அவள் உணவைத் தடுப்பதாயின், அதனினும் வருந்தத்தக்கது யாது?

இதனைத் தவிர்த்தல் அரிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1999 முதல் 2008 வரை, ஐம்பது மாகாணங்களுக்கும் ஐம்பது கால் டாலர் நாணயங்கள் ஆண்டுக்கு ஐந்தாக வெளியிடப்பெற்றன. வரிசை முன்னரே அறிவிக்கப்பட்டது. தொகையும் நிரம்ப இருந்தது. ஆதலின் புதிய உருவத்தைக் கண்டு எவரும் மருளவில்லை. சிறுவரும் அதனை ஆவலோடு எதிர்நோக்கினர். இங்கும் புதிய உருவம் வெளிவருமுன் அதன் படம் சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும் தமிழ் விளக்கத்தோடு ஒட்டப்பெறுமாயின் பெரும்பயன் விளையும்.

கற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் இக்காசுகளைத் தாம் மறுக்காது பெறுவதோடு, மறுக்கும் கடைக்காரர்க்கு உண்மையைப் பொறுமையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். அரசாங்கத்தின் முத்திரை காசைச் செல்லத்தக்கதாக ஆக்கும். அதனைச் செல்லச் செய்வது அண்டை வீட்டான் நீட்டும் கையே.