அன்றைக்கு நான் வாய் திறந்திருந்தால்...



வடாம் கறுக்காமல் இருக்க வழி, முருங்கைக்கீரைப் பொடி பக்குவம் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதிப் பழக்கப்பட்டவள் நான். இன்று எழுதுவது சமையல் குறிப்பு இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு விஷயம்.

எங்கள் வீடு வில்லியனூர் பக்கம். கொழுந்தனார் மகள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் எப்போதும் டி.வி. சத்தம். அதனால் பரீட்சை நேரத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவாள். அவள் சத்தம் போட்டுப் படிப்பாள், நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தின எனக்குச் சங்க இலக்கியம் காதில் விழுந்தது இப்படித்தான்.

ஒரு நாள் 'அறத்தொடு நிற்றல்' என்று படித்தாள். "அப்படின்னா என்னடி?" என்றேன்.

"ஒரு பொண்ணு வீட்டுக்குத் தெரியாம ஒருத்தனை விரும்புறா பெரியம்மா. வீட்டுல வேற இடத்துல பேசுறாங்க, இல்லன்னா அவளை வெளியில விடாம அடைச்சு வெக்கிறாங்க. அப்ப அவளோட தோழி தைரியமா உண்மையைச் சொல்லிடுவா. தோழி செவிலித்தாய்கிட்ட சொல்லுவா, செவிலி பெத்த தாய்கிட்ட சொல்லுவா, தாய் அப்பாவுக்கும் அண்ணனுங்களுக்கும் பக்குவமா தெரியப்படுத்துவா. அதுக்குத்தான் அறத்தொடு நிற்றல்னு பேரு."

முறத்தில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுக்க இந்த ஒரு விஷயம்தானாம். 261 அடியும் தோழி செவிலியிடம் பேசுகிற பேச்சு. பெண் இளைத்துப் போகிறாள். தாய்க்குக் காரணம் புரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்கிறாள், தெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறாள். அப்போதுதான் தோழி நடந்ததைச் சொல்கிறாள். தினைப்புனம் காக்கப் போனது, அருவியில் குளித்துப் பூப்பறித்தது, யானை ஒன்று சீறி வந்தபோது அவன் அம்பு எய்து காப்பாற்றியது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பாட்டில் 99 பூக்களின் பெயர் வருவதுதான் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அந்தத் தோழியின் துணிச்சல்தான் பெரிதாகப்பட்டது.

ஏனென்றால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் நானும் நின்றேன். நான் வாயைத் திறக்கவில்லை.

என் பிறந்த வீடு பாகூர் பக்கம். 1986-ல் வில்லியனூர்த் தேருக்கு என் தங்கை வந்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை விரும்புவதாகச் சொன்னாள். வேறு சாதி. "அக்கா, நீ சொன்னா அம்மா கேப்பாங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்று அழுதாள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மாமியார் வீட்டில் "உன் பொறந்த வீட்டு லட்சணம் இதானா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். "எனக்கு ஏண்டி இந்த வம்பு? பேசாம மறந்துடு" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அம்மா காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று நினைத்துப் பூசாரியிடம் அழைத்துப் போய் வேப்பிலை அடித்து, கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். சங்கப் பாட்டிலும் இதே கதைதான். மகளின் காதல் நோயை முருகன் அணங்கியதாக நினைத்து, வேலனை அழைத்து, ஆட்டுக்கிடாய் வெட்டி வெறியாடுவார்கள். 'இது அந்த நோய் இல்லை' என்று சொல்லத் தோழி ஒருத்தி அங்கே இருந்தாள். பாகூரில் என் தங்கைக்கு யாரும் இல்லை.

ஊர்ப் பேச்சும் கிளம்பியது. வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், வெளிப்படையாகப் பேசுவதை அலர் என்றும் அந்தக் காலத்திலேயே பேர் வைத்திருக்கிறார்கள். தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியன் ஜெயித்தபோது எழுந்த ஆரவாரத்தைவிட ஊர் அலர் பெரிது என்று ஒரு அகநானூற்றுப் பாட்டு சொல்கிறதாம். பைப்படியில் நாலு பேர் கூடினால் எவ்வளவு சத்தம் என்று நமக்குத் தெரியாதா?

அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். தட்டு மாற்ற நாலு நாள் இருக்கும்போது தங்கை அவனோடு போய்விட்டாள். அப்பா குளத்தில் தலைமுழுகிவிட்டு வந்து, "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் தினமும் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு, அது கரைந்தால் தெருவைப் பார்ப்பார்கள். நான் அதைப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். ஐங்குறுநூற்றில் மகளைப் பிரிந்த ஒரு தாய், என் மகள் அவனோடு திரும்பி வரும்படி கரைந்து சொல், உனக்குப் பொன் பாத்திரத்தில் ஊன்சோறு தருகிறேன் என்று காக்கையிடம் கேட்கிறாளாம். மகள் அதைப் படித்தபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

2003-ல் அம்மா காலமானபோது, தங்கை தெருமுனை வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் யாரும் விடவில்லை. அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

சங்க காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்போதும் பெண்ணை வீட்டில் அடைத்திருக்கிறார்கள். ஆனால் போன பெண்ணைத் தாய் சபித்ததாகப் பாடாமல், அவள் ஏக்கத்தைப் பாடியிருக்கிறார்கள். மகளைத் தேடிப் போகிற செவிலிக்கு வழியில் வந்த துறவிகள் புத்தி சொல்வது கலித்தொகையில் இருக்கிறது. சந்தனம் பிறந்த மலைக்கும், முத்து பிறந்த கடலுக்கும் பயன்படுவதில்லை. உன் மகளும் அப்படித்தான் என்கிறார்கள். இன்னொரு தாய், மாப்பிள்ளை வீட்டில் சிலம்புகழி நோன்பு முடிந்தால் முடியட்டும், கல்யாணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக் கூடாதா என்று ஆசைப்படுகிறாள். என் அம்மாவுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும்தானே?

நம் புதுச்சேரிப் பாவேந்தர் பாரதிதாசன் 1938-ல் 'எதிர்பாராத முத்தம்' எழுதினார். இரண்டு தகப்பன்மார் சண்டையில் பூங்கோதையும் பொன்முடியும் பிரிக்கப்பட்டு, கடைசியில் இரண்டு பேரும் உயிரை விடுகிறார்கள். பெரியவர்களின் வீம்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட வேறு கதை வேண்டாம்.

புத்தகத்தை மூடிவிட்டு என் கொழுந்தனார் மகள் மெதுவாகக் கேட்டாள்: "பெரியம்மா, எனக்காக நீங்க நிப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை. அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், தோழியின் வேலை தூது போவது மட்டும் இல்லை. அவள் அவனைச் சோதிக்கிறாள், திட்டுகிறாள், 'முறையாக வந்து பெண் கேள்' என்று நெருக்குகிறாள். நானும் அந்தப் பையனைக் கோயிலில் வைத்துப் பார்த்தேன். வேலை, குடும்பம், குடிப்பழக்கம் என்று துருவித் துருவி விசாரித்தேன். நல்ல பிள்ளை. "அவ படிப்பு முடியணும். உங்க வீட்டுப் பெரியவங்களோட வந்து கேக்கணும். திருட்டுத்தனம் கூடாது" என்றேன். சரி என்றான்.

பிறகு ஓரகத்தியிடம் சொன்னேன். அழுதாள், "நீங்களுமா அக்கா?" என்று கேட்டாள். என் தங்கை கதையை முழுசாகச் சொன்னேன். மறுநாள் அவள்தான் கொழுந்தனாரிடம் பேச்சை எடுத்தாள். அவர் ஒரு மாசம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன வாரம் வந்து, "படிப்பு முடியட்டும் அண்ணி, அவங்க வந்து கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அது சம்மதம் இல்லைதான். ஆனால் பெண்ணை யாரும் அடைத்து வைக்கவில்லை. அவளும் வீட்டை விட்டுப் போகிற யோசனையில் இல்லை.

பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைந்திருந்தால், 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து அவர்களே பதிவு செய்துகொள்ளலாம். சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பத்து வருஷம் கழித்து அம்மா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார முடியுமா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

தங்கைக்குப் போன் செய்தேன். இந்த வருஷம் தேருக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன், வாடி" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரேங்க்கா" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்ல வருவாள். "எனக்கு ஏன் வம்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.