கை விறைப்பு: சத்திரசிகிச்சை எப்போது தேவை?

நித்திரையில் கை விறைத்து எழும்பி, உதறிய பின்னர்தான் சற்று ஆறுதல் கிடைக்கிறதா? பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களில் அந்த விறைப்பு இருந்தால், அது கார்ப்பல் டனல் எனப்படும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமாக இருக்கலாம்.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் தடித்த நாரொன்றுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய பாதையில் நரம்பு நசிபடுவதே காரணம். நீரிழிவு உள்ளோர், கர்ப்பிணிகள் மட்டுமல்ல, போரில் காலை இழந்து ஊன்றுகோலில் நடப்போருக்கும் சக்கர நாற்காலியைக் கையால் தள்ளுவோருக்கும் இது அதிகம் வரும். அவர்களின் பாரம் உள்ளங்கையில்தான் இறங்குகிறது.

ஆரம்பத்திலேயே வெட்டத் தேவையில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை 6 வாரமளவில் அணிந்து பார்க்கலாம். ஸ்டீரொயிட் ஊசியும் சில மாதங்களுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் விறைப்பு இடைவிடாமல் இருந்தாலோ, பெருவிரலின் அடித்தசை வற்றத் தொடங்கினாலோ தாமதிக்க வேண்டாம். வற்றிய தசை பிறகு முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

சத்திரசிகிச்சை பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து நடைபெறும். அன்றே வீடு திரும்பலாம். ஆனால் சில வாரங்களுக்கு அந்தக் கையை ஊன்ற முடியாது. ஊன்றுகோல் பாவிப்பவருக்கு நடையே நின்றுவிடும். எனவே இரு கைகளுக்கும் தேவையென்றால் ஒவ்வொன்றாகச் செய்வது பற்றியும், வீட்டில் யார் உதவுவார் என்பது பற்றியும் முன்கூட்டியே வைத்தியருடன் பேசுங்கள்.

கழுத்திலோ தோளிலோ பழைய செல் காயம் இருந்தால், யாரும் விசாரிப்பார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். விறைப்பு அங்கிருந்தும் வரலாம். நரம்புக் கடத்தல் பரிசோதனை அதைப் பிரித்தறிய உதவும். இல்லாவிட்டால் மணிக்கட்டை வெட்டியும் விறைப்பு மாறாது.