வருந்தி அழைத்தல்

கிறிஸ்தவ ஸமயம் இரட்சிப்பை ஓர் அழைப்பாகக் கூறும். அவ்வழைப்புக்குச் சேதனர் எவ்வாறு விடையிறுக்கின்றனர் என்பதை லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரம் ஒரு விருந்தின் உவமையால் விளக்குகிறது. அவ்வுவமையிலுள்ள ஒரு வினைச்சொல்லின் பொருள் பல நூற்றாண்டுகளாக வாதத்துக்கு இடமாயிற்று.

ஒருவன் பெருவிருந்து ஸித்தமாக்கித் தன் ஊழியனை அனுப்புகிறான். முன்னரே அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் நிலம் வாங்கினதையும், மற்றொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கினதையும், வேறொருவன் மணம் புரிந்ததையும் சொல்லி வர மறுக்கிறார்கள். இம்மூன்றில் ஒன்றும் பாபமன்று. வாழ்வின் நியாயமான காரியங்களே மறுப்புக்கு ஹேதுவாகின்றன. பின்பு ஏழைகளும் ஊனமுற்றோரும் வந்தமர்கிறார்கள். இன்னும் இடமிருப்பதால், வழியோரத்தாரையும் வேலியோரத்தாரையும் எப்படியேனும் அழைத்து வரும்படி தலைவன் பணிக்கிறான். இங்குள்ள கிரேக்க வினைக்குக் கட்டாயப்படுத்துதல் என்னும் பொருளும் உண்டு.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயரான அகஸ்டின் முதலில் பலவந்தத்தை ஏற்காதவர். பின்னர், பிரிந்து நின்ற டொனாட்டிஸ்டுகளின் மீது பேரரசின் சட்டங்கள் பாய்ந்தபோது, சுமார் 408-இல் எழுதிய கடிதத்தில் இச்சொல்லையே பிரமாணமாக்கி அதனை ஆதரித்தார். அச்சத்தால் வந்தோர் பலர் பின்பு நன்றி பாராட்டினர் என்பது அவர் கூறிய யுக்தி. 1685-இல் பிரான்சில் புரொட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமை பறிக்கப்பட்டபோதும் அவருடைய வியாக்கியானமே துணைக்கழைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பியேர் பேல் என்பாரின் தமையனார் தம் மதத்தின் பொருட்டுச் சிறையில் மாண்டார். மறு ஆண்டில் பேல் இவ்வொரு வாக்கியத்துக்கே தனி நூலொன்று இயற்றினார். கொடுமை செய்யக் கட்டளையிடும் எந்த வியாக்கியானமும் பொய்யே என்பது அதன் ஸித்தாந்தம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் ஸங்கமும் விசுவாசம் பலவந்தத்துக்கு உட்படாதென்று அறிவித்தது.

மூலத்தின் போக்கும் இதற்கே இசைகிறது. மறுத்தவர்களை இழுத்துவரத் தலைவன் ஆளனுப்பவில்லை. அவர்கள் இழந்தது விருந்தை மட்டுமே. சென்றவனோ ஓர் ஊழியன், படையன்று. வேலியோரத்தாருக்குத் தடையாவது வெறுப்பன்று. ‘இவ்வழைப்பு நமக்கோ’ என்னும் கூச்சமே. மேலும், மத்தேயுவின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரைப் படகேறச் செய்தபோதும் இதே வினை வருகிறது. அங்கே வன்முறைக்கு இடமேயில்லை.

தமிழில் வழங்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘வருந்தி’ என்னும் சொல்லைப் பெய்தது. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் முடிக்கும் சொல்லின் வினைமுதலையே கொள்ளும். ஆகவே வருந்துபவன் அழைக்கப் போனவனேயன்றி அழைக்கப்படுபவன் அல்லன். அழைப்பின் பாரம் முழுவதும் அழைப்பவன் மேலது; வருவதும் வாராமையும் கேட்டவனுடைய இசைவில் நிற்கின்றன.