கேமிங் மவுஸ்: பெட்டியைப் பார்த்து முதல் போடாதீர்கள்

கணினிப் பொருட்கள் விற்கும் வர்த்தக சகோதரர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு: "கேமிங் மவுஸ் எடுத்துப் போட்டால் ஓடுமா?" ஓடும். ஆனால் தரம் பார்க்காமல் எடுத்தால், விற்ற பொருள் மறுமாதமே கடைக்குத் திரும்பி வரும். இலாபத்தோடு வாடிக்கையாளரும் போய்விடுவார்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது டிபிஐ. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் சுட்டி திரையில் எத்தனை புள்ளிகள் நகரும் என்பதே அது. பெயர் தெரியாத மலிவான மவுஸ்களில் இந்த எண்ணைக் கணக்குப் போட்டு ஊதிப் பெருப்பிப்பது வழக்கம். எனவே எண்ணைவிட, உள்ளே இருக்கும் சென்சர் எது என்று கேளுங்கள்.

அடுத்தது வேகம். சாதாரண மவுஸ் பொதுவாக விநாடிக்கு 125 தடவை கணினிக்குத் தகவல் அனுப்பும். நல்ல கேமிங் மவுஸ் 1000 தடவை அனுப்பும். விளையாடுபவர் கேட்பது இதைத்தான்.

மூன்றாவது பட்டன் சுவிட்ச். அதிக முறைப்பாடு வருவது இதனால்தான். சுவிட்ச் தேய்ந்தால் ஒரு தடவை அழுத்த இரண்டு தடவை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். லொஜிடெக் ஜி502 ஹீரோவின் பிரதான பட்டன்கள் 50 மில்லியன் அழுத்தங்களைத் தாங்கும் என்கிறது நிறுவனம். 2019இல் வந்த ரேசர் வைப்பரில், உலோகத் தொடுகைக்குப் பதிலாக ஒளிக்கதிரால் இயங்கும் சுவிட்ச் உண்டு.

கடைசியாகக் கைக்கு அடக்கம். ஜி502 ஹீரோ 121 கிராம், 3.6 கிராம் கொண்ட ஐந்து எடைத்துண்டுகளைச் சேர்த்துப் பாரத்தைக் கூட்டலாம். அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஜி புரோ எக்ஸ் சுப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு. ஒருவருக்குப் பாரம் பிடிக்கும், மற்றவருக்கு இலேசு பிடிக்கும். ஜி502 வலது கைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இடது கைக்காரருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

என் ஆலோசனை இதுதான். மொத்தமாக எடுக்குமுன் இரண்டு மூன்று மாதிரிகளை வாங்கி, சில நாட்கள் கடைக் கணினியிலேயே பாவியுங்கள். உத்தரவாதத்தை விநியோகஸ்தரிடம் எழுத்தில் பெறுங்கள். ஒன்றைத் திறந்து மேசையில் வையுங்கள். வாடிக்கையாளர் கையில் பிடித்துப் பார்த்து வாங்கட்டும். குறை தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி வாங்கிச் சென்றவர் அடுத்த முறை நண்பரையும் அழைத்து வருவார்.