யானைக்குக் கடலில் ஒரு சொந்தம்

மாரண்டஅள்ளிப் பக்கம் ராகிக் கொல்லையில் யானை இறங்கிய கதையைப் பாலக்கோட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த யானைக்குக் கடலில் ஒரு சொந்தம் உண்டு, தெரியுமா நேயர்களே? ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசுதான் அது. இன்று வாழும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய உறவு.

அது மேயும் கடற்புல்வெளிகள் இருக்கும் இடம், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். 1986-இல் அறிவிக்கப்பட்டது. நம்மூரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்.

ஒரே நாள்தான் இருக்கிறதா? விடியற்காலையில் பாம்பன் குந்துக்கால் போய்விடுங்கள். 1897 ஜனவரி 26-ஆம் தேதி விவேகானந்தர் வந்திறங்கிய கரை அது. எதிரே குருசடைத் தீவு. விலங்கியல் பாடத்தில் படிக்கும் பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற உயிர் அங்கே மணலுக்குள் வாழ்கிறது. பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்கள். தெளிந்த நீரில் பவளப்பாறையையும் அதைச் சுற்றும் மீன்களையும் பார்க்கும் நிமிடம் மறக்கவே மறக்காது. கடற்பசு கண்ணில் படுவது அபூர்வம், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எல்லாத் தீவுகளுக்கும் அனுமதி கிடையாது. கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பவளத் துண்டு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.